யோகராணி உடைக்காத கொம்பியூட்டர்

மகன், நீ அனுப்பிய பேச்சை இரண்டு தரம் வாசித்தேன். பிழை பார்த்துத் தரச் சொன்னாய். ஏழு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திவிட்டேன். இந்த வயதிலும் உனக்கு லகரமும் ளகரமும் பிடிபடவில்லை. அதற்கு நான் வெட்கப்பட வேண்டும், நீ அல்ல. ஆனால் நான்காம் பந்தியை நான் திருத்தவில்லை. மூலைக்கு மூலை கோடு போட்டு வெட்டியிருக்கிறேன். ஏன் என்று கேட்க நீ போன் எடுப்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் "சரி அப்பா, விடுங்கோ" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை இடையில் மறிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். இருந்து வாசி.

வருகிற வெள்ளிக்கிழமை நீ படித்த, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு இருபது புதுக் கொம்பியூட்டர் கொடுக்கப் போகிறாய். அதற்கடுத்த கிழமை மெல்பேர்னுக்கு விமானம் ஏறப் போகிறாய். நல்ல காரியம் செய்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்ற உன் எண்ணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேடையில் எனக்கும் ஒரு கதிரை போட்டு, திருகோணமலையில் பிள்ளைகளுக்கு முதன்முதல் கொம்பியூட்டர் தொட்டுக் காட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர் என்று சொல்லப் போகிறாய். பிறகு நான்காம் பந்தி. சபையைச் சிரிக்க வைக்க எழுதியிருக்கிறாய். யோகராணி என்று ஒரு அக்கா இருந்தாவாம், அவ விரல் பட்டதும் கொம்பியூட்டர் வெடித்ததாம், பள்ளிக்கூடமே மேசைக்குக் கீழே கிடந்ததாம். சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் சிரிக்காத சிரிப்பா?

உன் அம்மாவின் கையிலிருந்து தட்டு விழுந்தால் "யோகராணி வந்திட்டா" என்பாள். நீ புது மோட்டார்சைக்கிளைக் கொண்டுபோய்த் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்ட அன்று, முழங்கால் தோல் உரிந்து வந்து நின்ற உன்னைப் பார்த்து "யோகராணியோ ஓட்டினது?" என்று கேட்டவன் நான். சோறு அடிப்பிடித்தால், மின்விசிறி நின்றால், கண்ணாடிக் குவளையில் கீறல் விழுந்தால், எல்லாம் யோகராணி. குச்சவெளியில் உயிரோடு இருக்கிற ஒரு மனுசியின் பெயரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு விபத்தின் பெயராக்கி வைத்திருந்தோம். நீ அவளுடைய முகத்தை மறந்திருப்பாய். பெயரை மறக்க நாங்கள் உன்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த அறை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. சண்டை நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் வெளிநாட்டுக்காரர் யாரோ பாவித்துக் கழித்த எட்டுக் கொம்பியூட்டர் எங்களுக்கு வந்தன. மஞ்சள் பூத்த பெட்டிகள், முதுகு புடைத்த திரைகள். பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்குக்கூட இல்லாத ஏசி அவற்றுக்குப் பூட்டினார்கள், கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று. ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. ஒவ்வொரு பெட்டிக்கும் தாய்மார் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் எட்டுத் திரைக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். சிரிக்காதே, வைத்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு எட்டுப் பெட்டி. முறை வராத பிள்ளைகள் மட்டையில் எழுத்துகளைக் கீறி வைத்துக்கொண்டு, அந்த மட்டையில் விரல் பழகினார்கள். பந்து வைத்த மௌஸைத் தலைகீழாகத் திருப்பினால் அடி விழும். அடிப்பவன் நான்.

பூகோளம் படிப்பித்த என்னைப் பிடித்து, ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பி, அந்த அறையின் பூட்டுக்குரிய திறப்பைக் கையில் தந்தார்கள். ஐந்து நாளில் நான் என்ன படித்தேன்? போடவும் நிறுத்தவும் படித்தேன். மற்றதெல்லாம் நடிப்பு. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவ்வளவு கண்டிப்பு, அவ்வளவு கால் கழுவல், அவ்வளவு பொட்டு. கண்டுபிடித்தவள் ஒருத்திதான், யோகராணி. பதினோராம் வகுப்பில் இருந்தாள், குச்சவெளியில் இருந்து முதல் பஸ்ஸில் வருவாள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். மட்டையில் பழகிய விரலால் என்னைவிட வேகமாக அடிப்பாள். ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் இருந்து, "சேர், அப்பிடிச் செய்தால் எழுதினதெல்லாம் அழிஞ்சு போகும். முதல்ல சேமிக்க வேணும்" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். சரியாகவும் சொன்னாள். வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காது. ஒரு பிள்ளையை வாத்திக்குப் பிடிக்காமல் போவதற்கு அது எவ்வளவு கேவலமான காரணம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே பிடிக்கவில்லை.

அந்தப் பெட்டிகளின் பின்பக்கம், வயர் செருகுகிற இடத்தருகே, நகத்தளவில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது. எங்கள் நாட்டு மின்சாரத்துக்கு ஒரு பக்கம், அவர்களுடைய நாட்டு மின்சாரத்துக்கு மற்றப் பக்கம். கொண்டுவந்து பூட்டிய பெடியன் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "சேர், இதை மட்டும் ஆரும் மாத்திப் போடாமப் பாத்துக்கொள்ளுங்கோ. மாத்திப்போட்டு கரண்டைக் குடுத்தா வெடிச்சுப் போடும்." ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் எட்டுப் பெட்டியின் பின்னாலும் குனிந்து பார்த்து, பதிவுப் புத்தகத்தில் 'பார்த்தேன்' என்று கையெழுத்து வைப்பது என் கடமை. முதல் மாதம் குனிந்தேன். பிறகு இடுப்புப் பிடிக்கிறது என்று குனியாமலே கையெழுத்து வைத்தேன்.

பெட்டி வெடிப்பதற்கு முந்திய சனிக்கிழமை அறையைக் கூட்டித் துடைக்கப் போனபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு ஒன்பது வயது. நான் முன்பக்கம் திரை துடைத்துக்கொண்டிருக்க, நீ மேசைகளுக்குப் பின்னால் ஊர்ந்து திரிந்தாய். திங்கட்கிழமை இரண்டாம் பாடம், மூன்றாவது பெட்டி, யோகராணியின் முறை. அவள் பொத்தானை அமர்த்தினாள். அறைக்குள்ளே ஒரு வெடிச் சத்தம், கறுத்த புகை, ரப்பர் எரிந்த நாற்றம். சண்டைக் காலத்தில் கடற்படை துறைமுகத்துத் தண்ணீருக்குள் போட்ட வெடிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் சத்தம் நின்று கொஞ்ச மாதந்தான் ஆகியிருந்தது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் நிலத்தோடு படுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு முதல் படுத்தவன் நான். மேசைக்குக் கீழே, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரியக் கிடந்தேன். நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு.

வேறொன்றும் இல்லை, பெட்டிதான் என்று விளங்கியதும் யோகராணி சிரித்தாள். எங்களை நாங்களே பார்த்து வருகிற சிரிப்பு அது, பயம் தெளிந்த சிரிப்பு. மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மேசைக்குக் கீழிருந்து நாலு காலில் வெளியே வந்தபோது முதலில் கண்டது அவளுடைய பல்லை. எழும்பி நின்று, காற்சட்டைத் தூசைத் தட்டிவிட்டு, "என்னடி செய்தனீ?" என்று கேட்டேன். "ஒண்டும் செய்யேல்ல சேர். பொத்தானைத்தான் அமத்தினனான்." அறைந்தேன். "பின்னுக்கு என்னத்தைத் தொட்டனீ? சொல்லு!" மூன்று தரம் கேட்டு மூன்று தரம் அறைந்தேன். நாலாம் தரம் கேட்டபோது, "தெரியாது சேர்" என்றாள். 'இல்லை' என்று சொன்னவள் 'தெரியாது' என்று சொன்ன அந்த இடத்தை நான் இன்றைக்கும் துல்லியமாக விரல் வைத்துக் காட்டுவேன். அதிபர் வந்து கேட்டபோது, "இவதான், மேதாவித்தனம் காட்டப் போய் உடைச்சுப்போட்டா" என்றேன். அந்த அறைக்கு வெளியே விறாந்தையில், பள்ளிக்கூடம் விடும்வரை முழங்காலில் நிற்க வைத்தேன்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவளுடைய தகப்பன் வந்தார். செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமோ என்று தெரியாமல் படியிலேயே நின்றார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகிப் போயின. மகளைப் பார்த்துத்தான் கேட்டார்: "உடைச்சனியோ?" அவள் என்னைப் பார்த்தாள். "நான் வேணுமெண்டு செய்யேல்ல அப்பா" என்றாள். "சேர் பொய் சொல்லுவாரோ?" என்று கேட்டு, எல்லார் முன்னிலையிலும் கன்னத்தைப் பொத்தி அடித்தார். நான் தடுக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அந்தத் தலையாட்டலைப் போல ஒரு கேவலத்தை நான் வேறு எப்போதும் செய்யவில்லை என்று எழுத ஆசை. எழுத முடியாது, ஏனென்றால் அதற்கு முதல் நாள் பின்னேரமே அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்து முடித்திருந்தேன்.

அது உனக்குச் செய்தது. முழங்காலில் நிறுத்திவிட்டு வந்த அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய். நகத்தைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அந்த சிவப்பு சுவிட்சை நான்தான் இழுத்துப் பாத்தனான். பேனை முனையால" என்றாய். யாரும் கேட்காமலே சொன்னாய். அடி விழும் என்று தெரிந்தும் சொன்னாய். ஒன்பது வயதில் உன்னிடம் இருந்த முதுகெலும்பு என்னிடம் இருக்கவில்லை. நான் குவளையை வைத்துவிட்டு உன் தோளைப் பிடித்தேன். "நீ இழுக்கேல்ல. நீ தொட்டது வேற பெட்டி. உடைச்சது யோகராணி" என்றேன். "இல்லை அப்பா, மூண்டாவது" என்றாய். "நான் அங்கதானே நிண்டனான்? நான் பார்த்தனான். நீ இழுக்கேல்ல" என்றேன். அன்றைக்கு ஒரு தரம், அந்தக் கிழமை முழுக்கப் பல தரம். குரலை உயர்த்தவே இல்லை. அன்பாகத்தான் சொன்னேன். உன்னை மடியில் இருத்தி வைத்துத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னேன். கடைசியில் ஒருநாள் நீ, "நான் தொட்டது வேற பெட்டி, என்னப்பா?" என்று என்னையே கேட்டாய். "ஓம்" என்றேன். பிறகு நீ அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை.

உன் அம்மா குசினிக்குள் நின்று அவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அவளுடைய கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தபோது, "யோகராணி வந்திட்டா" என்று முதல் முதல் சொன்னவள் அவள்தான். நீ சிரித்தாய். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பகிடி உனக்காகத்தான் மகன். நீ சிரிக்கச் சிரிக்க அது உண்மையாகிக்கொண்டு வந்தது. பிள்ளைப் பாசம் என்று இதற்கு யாராவது பெயர் வைத்தால் நம்பாதே. உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்து, அது ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு வந்து நின்றால், அதை அதனிடமிருந்து பறிக்காதே. அது அந்தப் பிள்ளையின் சொத்து. உன்னிடமிருந்து நான் பறித்தேன். பறித்ததைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் தலையில் வைத்தேன்.

பெட்டி மூன்று கிழமையில் திரும்பி வந்தது. திருத்திய பெடியன் சிரித்தான். "சேர், கரண்ட் வாற சின்னப் பெட்டி மட்டுந்தான் போயிருந்தது. ஆரோ பின் சுவிட்சை மாத்தியிருக்கினம். முன்னுக்கு இருந்து பொத்தான் அமத்தினவைக்கு இதில சம்பந்தமில்லை" என்றான். அறையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். "அப்பிடியோ" என்றேன். யோகராணி திரும்பி வரவில்லை. பெரிய பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. பஸ்ஸில் பெடியள் வெடிச் சத்தம் போட்டுக் காட்டுகிறார்களாம், வர மாட்டேன் என்கிறாளாம் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னது. "வராட்டி விடு" என்றேன். மூன்றாவது பெட்டி அதற்குப் பிறகு ஆறு வருடம் வேலை செய்தது. அதில்தான் நீ படித்தாய். முறைக்குக் காத்திராமல், மட்டையில் பழகாமல், திறப்பு வைத்திருப்பவனின் மகனாக. உன் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதிரையில் உனக்கு முதல் இருந்தவளை எழுப்பிவிட்டுத்தான் உன்னை இருத்தினேன்.

உன் பேச்சு வந்த மறுநாள் நான் குச்சவெளி பஸ் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை. விசாரித்து யோகராணியின் வீட்டைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. முற்றத்தில் வலையை விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டாள். எழும்பி, கையைப் பாவாடையில் துடைத்து, "வாங்கோ சேர்" என்றாள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதிரை தந்தாள். வெக்கையாக இருந்தது. "பிள்ளை, சேருக்கு ஃபேனைப் போட்டு விடு" என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். சுவிட்ச் அவளுடைய தலைக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. பதினைந்து வயது மகள் பின்வளவிலிருந்து வந்து போட்டுவிட்டுப் போனாள். போகும்போது, "அம்மா ஒரு சுவிட்சும் தொடமாட்டா" என்று சிரித்தாள். அந்த வீட்டிலும் அது பகிடிதான்.

"என்ர கை ராசியில்லை சேர்" என்றாள் யோகராணி, வெட்கப்பட்டுக்கொண்டு. "போனும் இவள்தான் எடுத்துத் தாறவள். எனக்குப் பயம். அண்டைக்கு நான் என்னத்தைத் தொட்டனெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்ல. எத்தினை நாள் படுத்திருந்து யோசிச்சிருப்பன்? கை எங்கயோ பட்டிருக்கு." நான் மன்னிப்புக் கேட்கப் போனவன். அவள் என்னை வைதிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் மகன். "உங்களுக்கும் அதால எவ்வளவு கரைச்சல், என்ன சேர்?" என்று கேட்டாள்.

சொன்னேன். நீ ஒன்றும் செய்யவில்லை, பொத்தானை மட்டுந்தான் அமர்த்தினாய், எனக்கு அன்று பின்னேரமே தெரியும் என்று சொன்னேன். அவளுடைய முகம் மலரும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை எனக்கு இருந்தது. மலரவில்லை. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பா செத்து நாலு வருசம்" என்றாள். "சாகிற வரைக்கும் என்னை நம்பேல்ல. அவர் இருக்கேக்க வந்திருக்கலாமே சேர்? இப்ப வந்து சொல்லி நான் என்ன செய்யிறது? இவ்வளவு காலமும் நான்தான் எண்டு இருந்து பழகிட்டன். அதையும் விட்டால் எனக்கு என்ன மிச்சம், ஒரு காரணமும் இல்லாமலோ நான் இப்பிடி இருக்கிறன்?"

பிறகு கேட்டாள்: "அப்ப ஆர் சேர் செய்தது?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நிலாவெளியில் இருந்து குச்சவெளி வரைக்கும் பஸ்ஸில் ஒரே ஒரு சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். 'நான்' என்ற சொல். அது பொய்யும் இல்லை. குனிந்து பாராமல் கையெழுத்து வைத்தவன் நான், அறைந்தவன் நான், மறைத்தவன் நான். அதைச் சொல்லிவிட்டு எழும்பி வருவதென்று போனவன், அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதும், "என்ர மகன்" என்றேன். என்னை யோசிக்கவிடாமல் வாய் சொல்லிவிட்டது. எழுபது வயதில், சாவதற்கு முன் ஒரு நல்லதைச் செய்வோம் என்று போன இடத்திலும், நான் இன்னொருவரைத்தான் கை காட்டினேன். இந்த முறை உன்னை.

அவள் தலையை நிமிர்த்தினாள். "அந்தச் சின்னப் பிள்ளையோ?" என்று கேட்டாள். "நான் முழங்காலில நிக்கேக்க, ஒருத்தருக்கும் தெரியாமல் தன்ர தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து தந்தது சேர் அந்தப் பிள்ளை. அழுதுகொண்டு நிண்டது. அந்த நாளில நல்லதெண்டு நான் நினைச்சு வைச்சிருந்தது அது ஒண்டைத்தான். அதையும் இப்ப எடுத்துக்கொண்டு போறீங்கள்." பிறகு எழும்பி முற்றத்துக்குப் போனாள். நான் வெளியே வந்தபோது திரும்பிப் பார்க்காமலே, வெள்ளிக்கிழமை விழா எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவளுடைய மகள் இப்போது நம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளாம், பெற்றாருக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். ஒன்பதரைக்கு என்றேன்.

மேடையில் எனக்குப் போட்ட கதிரையை எடுத்துவிடு. நான்காம் பந்தி இருந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்காதே. ஒன்பது வயதில் உனக்கு என்ன சொல்ல வேண்டுமென்று தெரிந்திருந்தது. முன்வரிசையில் ஒரு மனுசி இருப்பாள், நீ தொண்டையைச் செருமும்போதே அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ யார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா